ஒன்பதாம் கிரீனும் ஐடாவின் குட்டி லாரியும்

காலை ஆறே முக்கால்.

புல் வெட்ட வந்த எஃப்ரெய்ன் ஒன்பதாம் கிரீனைப் பார்த்ததும் இயந்திரத்தை நிறுத்தினார். தொப்பியைக் கழற்றினார். இழவு வீட்டு வாசலில் நிற்பவர்போல அப்படியே நின்றார்.

கோல்ஃப் ஆட்டத்தில் பந்து விழவேண்டிய குழியைச் சுற்றி வழவழவென்று சிரைத்து வைத்திருக்கும் வட்டப் புல்தரைக்குத்தான் கிரீன் என்று பெயர். ஓய்வு பெற்றவர்கள் குடியிருக்கும் கிரேன் ஹாலோவில் நாங்கள் அதன்மேல் செருப்பை அழுத்திக்கூட நடக்கமாட்டோம். பெற்ற பிள்ளை வருஷம் முழுக்கக் கூப்பிடாவிட்டாலும் பொறுத்துக்கொள்வோம்; கிரீனில் ஒருவர் குதிகாலைத் திருப்பினால் பொறுக்கமாட்டோம். அந்தக் கிரீன்மேல் யாரோ வண்டியை ஏற்றியிருந்தார்கள். ஒரு தடவை அல்ல. குறுக்கே, நெடுக்கே, வளைந்து, நின்று, திரும்பி, கிறுக்குப் பிடித்த கோழி நடந்த மாதிரி தடங்கள். முந்தின நாள் மாலை மழையில் ஊறிய தரை சேறாகப் பிளந்து கிடந்தது. விடிந்த பிறகு ஒரு தூறல் வேறு விழுந்து விளிம்புகளையெல்லாம் கரைத்துவிட்டது. எந்த டயர், எவ்வளவு அகலம் என்று எதுவும் தெரியவில்லை.

கொடிக்கம்பம் மட்டும் குழியிலிருந்து எடுக்கப்பட்டு, கிரீனின் ஓரத்தில் நேராகப் படுக்கவைக்கப்பட்டிருந்தது.

ஏழரை மணிக்குள் பாதி ஊர் கூடிவிட்டது. குடியிருப்போர் சங்கத் தலைவர் லைல் கிரப் கடைசியாக வந்தார், அதுவும் நடந்து. லைல் கிரப் நடந்து வருவதை நாங்கள் யாரும் பார்த்ததில்லை; தபால் பெட்டிவரை போகவும் கோல்ஃப் வண்டி எடுக்கிற மனிதர். முகம் சிவந்து, சட்டை நனைந்து வந்தார். ராத்திரி தன் கையாலேயே சார்ஜ் போட்ட வண்டி, காலையில் பார்த்தால் செருகி பிடுங்கிக் கிடந்ததாம், சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று சிவப்பு விளக்கு எரிந்ததாம். ராத்திரியில் வந்து எதையாவது உருட்டுகிற ரக்கூன் பிராணியின் வேலை என்று திட்டிக்கொண்டே வந்தவர், கிரீனைப் பார்த்ததும் ரக்கூனை மறந்துபோனார்.

"லாரிக்காரி," என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

லாரிக்காரி என்றால் ஐடா பெர்க்ஸ்ட்ராண்ட். லைலுக்கு அடுத்த வீடு. ஊரே கோல்ஃப் வண்டியில் போகும்போது ஐடா மட்டும் போன வசந்தத்தில் தன் கோல்ஃப் வண்டியை விற்றுவிட்டு ஒரு யுடிலிட்டி வண்டி வாங்கினார். பண்ணைகளில் வைக்கோலும் வேலிக்கம்பமும் ஏற்றுகிற ஜாதி. முன்னால் நீளமாக ஒரே சீட்டு, பக்கத்தில் கதவு, பின்னால் திறந்த தொட்டி, பல் பல்லாக டயர். காரணம் அவர் கணவர் ஆர்வில். இரண்டு வருஷம் முன்னால் பக்கவாதம் வந்து இடது கை, இடது கால், பேச்சு மூன்றும் போய்விட்டன. மோட்டார் வைத்த சக்கர நாற்காலி கோல்ஃப் வண்டியில் ஏறாது. இந்த வண்டியின் தொட்டியில் பலகை போட்டு ஏற்றிவிடலாம். ஆர்விலைப் படி வைத்து, பிடித்து, முன் சீட்டில் உட்கார வைப்பார் ஐடா. மருத்துவமனை, கடை, தேவாலயம் எல்லாம் அப்படித்தான்.

வண்டிப் பாதைகளில் கோல்ஃப் வண்டி தவிர வேறு எதுவும் போகக்கூடாது என்று சட்டம் போட அன்று மாலை நாலு மணிக்குச் சங்கத்தில் வாக்கெடுப்பு இருந்தது. போன கூட்டத்தில் ஐடா எழுந்து நின்று, "தடை பண்ணிப் பாருங்க, ஒன்பதாம் கிரீன் மேலேயே ஓட்டிக் காட்டறேன்," என்று சொல்லியிருந்தார். எண்பது பேர் கேட்டார்கள். காது கேட்காதவர்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் எடுத்துச் சொன்னார்கள்.

ஆகவே மர்மம் எதுவும் இல்லை என்றுதான் தோன்றியது. ஆனாலும் லைல் முறைப்படி நடக்கிற ஆள். வெர்னா ஸ்டாக்டேலைக் கூப்பிட்டு, மாலைக் கூட்டத்தில் வாசிக்க விசாரணை அறிக்கை ஒன்று வேண்டும் என்றார்.

வெர்னா, மினசோட்டாவில் வாகனக் காப்பீட்டுக் கம்பெனி ஒன்றில் பொய் விபத்துகளைக் கண்டுபிடிப்பதையே வேலையாகச் செய்து ஓய்வு பெற்றவர். பைக்குள் எப்போதும் பட்டர்ஸ்காட்ச் மிட்டாய். வாயில் மிட்டாய் இருந்தால் யோசிக்கிறார் என்று அர்த்தம். கடித்துவிட்டால் முடிவுக்கு வந்துவிட்டார் என்று அர்த்தம். அன்று காலை ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு கிரீனை ஒரு சுற்று சுற்றிவந்தார்.

"கொடியை யார் எடுத்து வெச்சது? எஃப்ரெய்ன், நீங்களா?"

"நான் எதையும் தொடலைங்க. வந்தப்பவே அப்படித்தான் இருந்தது."

வெர்னா கொடிக்கம்பத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நாசம் பண்ண வந்தவன் அதைத் தூக்கிக் குளத்தில் எறிந்திருக்கலாம். ஒடித்திருக்கலாம். இவன் ஆட்டக்காரன் வைப்பதுபோல மரியாதையாக வைத்திருக்கிறான். புரியவில்லை.

காலை எட்டரை. பியூலா டோர்சியின் வீடு.

ஒன்பதாம் கிரீனுக்கு முதுகு காட்டி நிற்பது பியூலாவின் வீடு. ஊரில் கருவி இல்லாமல் காது கேட்கிற சிலரில் அவர் ஒருவர், அந்தப் பெருமையும் உண்டு. காபியும் டோனட்டும் வைத்துவிட்டு, கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார்.

"விடியறதுக்கு முன்னாடிங்க. இருட்டு போகலை. பீப், பீப், பீப்னு பின்னாடி எடுக்கறாங்க. சரி, யாரோ வண்டியைத் திருப்பறாங்கன்னு புரண்டு படுத்தேன். நிக்குது. மறுபடி பீப், பீப். நிக்குது. மறுபடியும். வண்டி நிறுத்தத் தெரியாதவ எவளோன்னு நினைச்சுக்கிட்டேன். செருப்பை எடுத்து வீசலாம்போல வந்துச்சு."

"எட்டிப் பார்க்கலையா?"

"பல்லு தண்ணி டம்ளர்ல இருந்துச்சு வெர்னா. பல்லு இல்லாம நான் ஜன்னலுக்குப் போகமாட்டேன்."

"வேற ஏதாவது சத்தம்?"

"அதுக்கப்புறம் அமைதிதான். தூறல் சத்தம் மட்டும்."

வெர்னா நன்றி சொல்லிவிட்டு எழுந்தார். இந்தச் சாட்சியத்தில் வழக்கே அடங்கியிருந்தது. வெர்னா கேட்டார், தலையாட்டினார், டோனட்டைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டார், போய்விட்டார். பிற்பாடு அதை நினைத்து அவர் தன்னையே திட்டிக்கொண்டது தனிக்கதை. அவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. அங்கே வாழ்கிற யார் போயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

பத்து மணி. ஐடாவின் வீடு.

ஐடா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. யுடிலிட்டி வண்டியின் டயர்களில் சேறு காய்ந்திருந்தது. முந்தின நாள் மழைக்குள் நாற்றுப்பண்ணைக்குப் போய் மண்மூட்டை ஏற்றி வந்தாராம். பார்த்தவர் யாரும் இல்லை.

"ராத்திரி வண்டி எங்க இருந்தது?"

"இங்கதான், வாசல்ல."

"சாவி?"

"என் தலகாணிக்கடியில."

"நீங்க எந்திரிச்சது எப்போ?"

"ஆறு மணிக்கு மேல. காதுல இருக்கறதைக் கழட்டி வெச்சுட்டுப் படுத்தா வீடு இடிஞ்சாலும் எனக்குத் தெரியாது. ஆர்வில் பக்கத்து அறையில படுப்பார். நான் எந்திரிச்சுப் பார்த்தப்ப நாற்காலியில உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கிட்டிருந்தார். கட்டில்லேருந்து நாற்காலிக்கு மாறறதை மட்டும் ஒத்தக் காலை ஊனித் தானே பண்ணிக்குவார். அதுக்கு என்னைக் கூப்பிடமாட்டார். ரோஷம்."

பிறகு ஐடா, யாரும் கேட்காமலே, மனசில் இருந்ததைச் சொன்னார். அன்று மாலை வண்டியைத் தடை பண்ணிவிட்டால் இந்த ஊரில் இருக்க வழியில்லை. மகன் வீடு தூரத்தில், டலூத் நகரத்தில், மாடிப்படி வீடு. அங்கே ஐடாவுக்கு இடம் உண்டு, ஆர்விலுக்கு இல்லை. ஆர்விலைப் பராமரிப்பு இல்லத்தில் விட்டுவிடலாம் என்று மகன் இரண்டு முறை சொல்லியாகிவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இரண்டு பேரும் தனித்தனி ஊரில் தூங்கியது ஆர்வில் ராணுவத்தில் இருந்தபோது மட்டும்தானாம். "நான் பேசினது தப்புதான் வெர்னா. ஆனா செய்யலை. அவருக்காக வாங்கின வண்டியை வெச்சு நானே குழி தோண்டிப்பேனா?"

வெர்னாவுக்கு அதுவும் நியாயமாகத்தான் பட்டது. ஆனால் கம்பெனியில் வேலை பார்த்த காலத்தில் பொய் சொன்னவர்கள் எல்லோரும் நியாயமாகத்தான் பேசினார்கள். மிட்டாய் வாய்க்குள் இடம் மாறியது.

ஆர்வில் உள்ளேயிருந்து நாற்காலியில் வந்தார். பெரிய உடம்பு, சவரம் செய்த முகம், கழுத்தில் ஒரு கயிறு. கயிற்றில் ஒரு சாவி. ஒரு காலத்தில் கிளப்பின் மூத்தோர் கோப்பையைத் தொடர்ந்து வாங்கியவர். பேச்சு போனபின் அவருக்கு மிஞ்சியது ஒரே ஒரு வார்த்தைதான்: சரி. சூப் வேண்டுமா? சரி. வேண்டாமா? சரி. வலிக்கிறதா? சரி. ஊர் முழுக்க அவரைப் பார்த்தால் ஏதாவது கேட்டுவிட்டு, சரி என்றதும் சிரித்துவிட்டுப் போகும்.

அவர் கழுத்துச் சாவியைப் பிடித்து வெர்னாவிடம் நீட்டினார். கோணிய வாய் எதையோ சொல்லப் பார்த்தது. "சரி," என்றார். "சரி, சரி."

"காலையிலேருந்து இதான்," என்றார் ஐடா. "காவல்காரர் வந்தப்பவும் நீட்டினார், பாதிரியார் வந்தப்பவும் நீட்டினார். பழைய கோல்ஃப் வண்டிச் சாவி அது. வண்டியை வித்தாச்சு, சாவியைத் தரமாட்டேன்னு கழுத்துல போட்டுக்கிட்டார். வெளியில கூட்டிட்டுப் போங்கறார்."

வெர்னா குனிந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டில் இருந்த இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தலாம் என்று நினைத்தார்.

"ஏன் ஆர்வில், நீங்கதானே பண்ணது?"

"சரி," என்றார் ஆர்வில்.

ஐடா அன்று முதல்முறையாகச் சிரித்தார். வெர்னாவும் சிரித்தார். ஆர்வில் சிரிக்கவில்லை.

பகல் பன்னிரண்டு.

பாழான கிரீனைப் பெயர்த்தெடுப்பதற்கு முன்னால் குழிக்குள் இருக்கும் கிண்ணத்தை எடுக்கக் கையை விட்ட எஃப்ரெய்ன் "ஐயோ" என்றார். கிண்ணத்துக்குள் ஒரு கோல்ஃப் பந்து இருந்தது. பந்தின்மேல் பச்சை மையில் ஒரு பொட்டு.

"நேத்து மதியம்தான் இந்தக் குழியை இடம் மாத்தி வெட்டினேன்," என்றார் எஃப்ரெய்ன். குழியை அடிக்கடி இடம் மாற்றுவது வழக்கம். "வெட்டி முடிச்சதும் மழை. அதுக்கப்புறம் ஒருத்தரும் ஆடலை."

பச்சைப் பொட்டு யாருடையது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. பந்து மாறிவிடக்கூடாது என்று எல்லோரும் ஒரு அடையாளம் போடுவோம். பச்சைப் பொட்டு லைல் கிரப்புடையது. கூட்டம் மெல்லத் தலைவரைத் திரும்பிப் பார்த்தது. தலைவர் பேயறைந்த மாதிரி நின்றார். கிரீனைப் பெயர்க்கிற வேலை அப்படியே நின்றுபோனது.

இப்போது எங்களுக்கெல்லாம் தலைகால் புரியவில்லை. ஐடாவின் வண்டியை எப்படியாவது ஒழிக்கவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவர் லைல். அவரே கிரீனை நாசம் பண்ணிப் பழியை ஐடா தலையில் கட்டினாரா? அப்படியானால் தன் பந்தை ஏன் குழிக்குள் போட்டுவிட்டுப் போகிறார்? வெர்னா அவரைக் கையோடு அவர் வீட்டு வண்டிக்கூரைக்கு அழைத்துப்போனார். வண்டி அங்கே நின்றது. பின்னால் கோல்ஃப் பை எப்போதும்போலக் கட்டியிருந்தது. வெர்னா கிரீனில் பந்தை உருட்டுகிற மட்டையை உருவினார். நுனியில் ஈரப்புல் ஒட்டியிருந்தது. வண்டிச் சக்கரத்தின் உள்விளிம்பில் சேறு.

"லைல், இதுக்கு என்ன சொல்றீங்க?"

"சத்தியமா எனக்கு ஒண்ணும் புரியலை. நான் தூங்கிக்கிட்டிருந்தேன்."

"உங்க வண்டி. உங்க மட்டை. உங்க பந்து."

"சாவி எல்லாருதும் ஒண்ணுதானே வெர்னா?" லைல் கெஞ்சினார். "ஒரே கம்பெனி வண்டி, எந்தச் சாவி போட்டாலும் ஓடும். போன மாசம் பேக்கரி வாசல்லேருந்து நீங்களே என் வண்டியை எடுத்துட்டுப் போயிட்டீங்க. ரெண்டு நாள் ஓட்டினீங்க. என் தொப்பியைக் கூடப் போட்டுக்கிட்டீங்க."

அது உண்மை. வெர்னா மட்டும் இல்லை, ஊரில் அந்தத் தப்பைச் செய்யாதவர் கிடையாது. எல்லா வண்டியும் வெள்ளை, எல்லாச் சாவியும் ஒன்று. மதிய உணவு முடிந்து கிளப்பிலிருந்து வெளியே வருகிறவர்கள் யாருடைய வண்டியிலோ ஏறிப் போய், சாயங்காலம் போன் செய்து மாற்றிக்கொள்வார்கள். அந்தத் தொப்பியையும் வெர்னா இன்னும் திருப்பிக் கொடுத்திருக்கவில்லை.

ஆக, ஒரு ஆளைப் பிடிக்கப்போய் ஆயிரம் ஆள் கிடைத்த கதையாகிவிட்டது. வெர்னா தன் வீட்டுக்குப் போய், ஐஸ் டீயை எடுத்து வைத்துக்கொண்டு, குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். ஐடா என்றால் பந்து இடிக்கிறது. லைல் என்றால் புத்தி இடிக்கிறது. மூன்றாம் ஆள் என்றால் காரணமே இல்லை. அறிக்கையில் என்ன எழுதுவது? எதுவும் எழுதாவிட்டால் மாலை நாலு மணிக்கு ஐடாவின் கதை முடிந்துவிடும், ஏனென்றால் குழப்பத்தில் இருக்கிற கூட்டம் முதலில் நினைத்ததையே பிடித்துக்கொள்ளும்.

பிற்பகல் இரண்டு மணிக்கு ஒரு விஷயம் மட்டும் கேட்டுவிட்டு வரலாம் என்று வெர்னா மறுபடி ஐடா வீட்டுக்குப் போனார். ஐடா மருந்து வாங்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். ஆர்வில் முன் சீட்டில், நாற்காலி பின்னால் தொட்டியில். ஐடா கையசைத்துவிட்டு வண்டியைப் பின்பக்கமாக எடுத்தார்.

எஞ்சின் தடதடவென்று இரைந்தது. வண்டி பின்னால் வந்து, வளைந்து, நின்றது.

வெர்னா நடுப்பாதையில் நின்றுவிட்டார். ஏதோ ஒன்று குறைந்தது. செருப்பில்லாமல் வெளியே வந்துவிட்டதுபோல ஒரு குறை. என்ன என்று தெரியவில்லை.

"ஐடா, இன்னொரு தடவை பின்னாடி எடுங்க."

"எதுக்கு?"

"எடுங்க, சொல்றேன்."

ஐடா எடுத்தார். வெர்னா கேட்டார். பிறகு வாயிலிருந்த மிட்டாயைக் கடக்கென்று கடித்தார்.

"மருந்து அப்புறம் வாங்கிக்கலாம். மூணு மணிக்கு ரெண்டு பேரும் ஒன்பதாம் கிரீனுக்கு வந்துடுங்க."

மூன்று மணி. கிரீனின் ஓரத்தில் ஐந்து பேர்தான்: வெர்னா, லைல், பியூலா, ஐடா, நாற்காலியில் ஆர்வில். மற்றவர்களை வெர்னா வரவிடவில்லை. பின்னால் ஊர் முழுக்கத் தெரிந்துபோனது பியூலாவின் புண்ணியம்.

"பியூலா," என்றார் வெர்னா, "காலையில கேட்டதைத் திரும்பச் சொல்லுங்க."

"பீப், பீப்னு பின்னாடி எடுத்துக்கிட்டே இருந்தாங்க."

"எஞ்சின் சத்தம்?"

பியூலா யோசித்தார். "இல்லையே. எஞ்சின் கேக்கலை."

"கோல்ஃப் வண்டி பின்னாடி போனா பீப் அடிக்கும். நாள் முழுக்க நம்ம வாசல்ல அடிக்குது, அதனால நமக்கு அது காதுலயே விழறதில்லை. வண்டின்னா பீப் அடிக்கும்னு நினைச்சுக்கிட்டோம். ஐடாவோட லாரி அடிக்காது. அது தடதடக்கும். பியூலா காலையில எட்டரைக்கே ஐடாவை விடுதலை பண்ணிட்டாங்க. நான்தான் டோனட்டைச் சுத்திக்கிட்டிருந்தேன்."

ஐடா நாற்காலியின் பிடியைப் பற்றிக்கொண்டார். லைல் வெர்னாவைத் திரும்பிப் பார்த்தார். "அப்போ நான்தான்னு சொல்றீங்களா?"

"உங்க வண்டி. நீங்க இல்லை. வாங்க, இந்தத் தடத்தைப் பாருங்க. நாசம் பண்றவன் சும்மா சுத்துவான். இவன் சுத்தலை. நேராப் போறான், நிக்கறான். பின்னாடி வரான், கொஞ்சம் திரும்பறான், மறுபடி நேராப் போறான், நிக்கறான். ஒவ்வொரு தடவையும் எதையோ தேடிப் போறான். எதை?"

"பந்தை," என்றார் லைல் மெதுவாக. அவர் ஆட்டக்காரர். தடத்தைப் பார்த்தபடியே ஒரு அடி முன்னால் வந்தார். "இங்கேருந்து உருட்டியிருக்கான், தள்ளிப் போயிருக்கு. அங்க போயிருக்கான். அங்கேருந்து தாண்டிப் போயிருக்கு. அட, இது ஆட்டம். ஆனா எந்த மடையன் வண்டியிலேயே கிரீனுக்குள்ள வருவான்? இறங்கி நடக்கவேண்டியதுதானே?"

லைலே தன் கேள்வியைக் காதில் வாங்கிக்கொண்டு நின்றார்.

"அதான்," என்றார் வெர்னா. "கிரீன்ல சக்கரம் பட்டாப் பாவம்னு ஊறிப்போன ஜனங்க நாம. சக்கரத் தடத்தைப் பார்த்ததும் துரோகம்னு மட்டும்தான் தோணிச்சு. வண்டியை விட்டு இறங்க முடியாத ஆளா இருக்கலாம்னு ஒருத்தருக்கும் தோணலை. கொடியை மரியாதையா எடுத்து வெச்சிருக்கார். குழிக்குள்ள விழுந்த பந்தைக் குனிஞ்சு எடுக்க முடியலை. வீட்டுக்கு வந்து சார்ஜ் செருகியை மாட்ட ரெண்டு கை வேணும், அதுவும் அவரால முடியலை. கழுத்துல சாவி இருக்கு. பக்கத்து வீட்டுல வண்டி நிக்குது, அதுல மட்டையும் பந்தும் இருக்கு."

"இல்லை," என்றார் ஐடா. "அவரால முடியாது. கட்டில்லேருந்து நாற்காலிக்கு மாறத்தான் தெரியும்."

"அது போதும் ஐடா. கோல்ஃப் வண்டி சீட்டு கட்டில் உயரம்தான். கதவும் கிடையாது. உங்க லாரி மாதிரி ஏத்தி விட ஆள் வேணாம். முடுக்கறதும் நிறுத்தறதும் வலது கால். உருட்டறது வலது கை."

வெர்னா ஆர்வில் முன்னால் போய் நின்றார். காலையில் பிடித்த அதே கையைப் பிடித்தார். இந்த முறை அவர் குரலில் கேலி இல்லை.

"காலையிலேருந்து எல்லார்கிட்டயும் சாவியை நீட்டி நீட்டிச் சொல்லியிருக்கீங்க. நான் வாய்விட்டே கேட்டேன், நீங்களும் ஒத்துக்கிட்டீங்க. நாங்க சிரிச்சோம். மன்னிச்சுக்குங்க ஆர்வில்."

ஆர்விலின் கண்ணிலிருந்து நீர் இறங்கியது. "சரி," என்றார்.

குளத்துப் பக்கம் கொக்குகள் கத்தின. பிறகு லைல் கிரப் தொண்டையைச் செருமினார். இவர் இப்போது வண்டித் திருட்டு, கிரீன் நாசம், விதி எண் என்று ஆரம்பிக்கப்போகிறார் என்று ஐடா பயந்தார்.

"எத்தனை தடவை அடிச்சுக் குழியில போட்டீங்க?" என்றார் லைல்.

ஆர்வில் வலது கையைத் தூக்கினார். நாலு விரல் காட்டினார்.

லைல் தடங்களை ஒன்றொன்றாகக் கண்ணால் எண்ணினார். "பொய். ஏழு இருக்கு. வாய் போயும் நீங்க திருந்தலை."

ஆர்வில் சிரித்தார். வாயின் ஒரு பக்கம்தான் ஏறியது, ஆனாலும் அது முழுச் சிரிப்பு. லைலும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒற்றைக் கையால், இருட்டில், வண்டியில் உட்கார்ந்தபடி ஈரப்புல்லில் ஏழு அடியில் போடுவது தன்னால் ஆகாது என்று அவர் பிறகு கிளப்பில் எல்லோரிடமும் சொன்னார். நாலு மணிக் கூட்டத்திலும் அதைத்தான் முதலில் சொன்னார். யுடிலிட்டி வண்டிகளைத் தடை செய்யும் தீர்மானத்தை வாபஸ் வாங்குவதாக இரண்டாவதாகச் சொன்னார். வண்டி இன்னமும் அசிங்கமாகத்தான் இருக்கிறது என்று மூன்றாவதாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஐடா கூட்டத்துக்குப் போகவில்லை. கிரீனிலிருந்து நேராகக் கிளப்பின் வாகன நிறுத்தத்தில் விட்டிருந்த வண்டிக்குப் போய், நாற்காலியைப் பலகை வைத்துத் தொட்டியில் ஏற்றினார். ஆர்விலைப் பிடித்து முன் சீட்டில் உட்காரவைத்தார். சுற்றிவந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். சாவியைப் போட்டார். திருப்பவில்லை.

தெரிந்தவர்கள் கையசைக்கும் பாதைகளில் பின்னால் நாற்காலி, முன்னால் ஆர்வில் என்று ஐடா மாதக்கணக்காக ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். அவருக்காகச் செய்கிறேன் என்றுதான் நினைத்திருந்தார். ஒரு நாள்கூட அவர் முகத்தைப் பார்க்கவில்லை, பாதையைத்தான் பார்த்தார். பழைய வண்டியை யார் ஓட்டினார்கள், தான் எந்தப் பக்கம் உட்கார்ந்தோம் என்பது ஐடாவுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது.

"இதை வித்துட்டுப் பழைய மாதிரி ஒண்ணு வாங்கிடலாமா?"

"சரி."

"இதையே வெச்சுக்கலாமா?"

"சரி."

"உங்ககிட்ட கேட்டு என்ன பண்ண." ஐடா கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கினார். மறுபக்கம் வந்து கதவைத் திறந்தார். "நகருங்க."

ஆர்வில் அவரைப் பார்த்தார். இதற்கு அவர் சரி என்று சொல்லவில்லை. வலது காலை ஊன்றி, அந்த நீளச் சீட்டில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். ஐடா அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த நாங்கள் சிலர் வாகன நிறுத்தத்தில்தான் நின்றுகொண்டிருந்தோம். எங்கள் முதுகுக்குப் பின்னால் ஆர்வில் ஓட்ட, அந்த வண்டி தடதடத்துக்கொண்டு மெதுவாகப் பின்பக்கமாக வந்தது. பீப் சத்தம் இல்லை. அதனால் நாங்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.